கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்த பொட்டு

என் அம்மாவுக்குக் கைராசி உண்டு என்று விராலிமலையில் இரண்டு பேர் உறுதியாக நம்பினோம். ஒருவர் அப்பா, இன்னொருத்தி நான். அம்மா மட்டும் நம்பவில்லை. கல்யாணமான வருஷம் அவள் நட்ட கறிவேப்பிலைக் கன்று காய்ந்துபோனதை அத்தை ஒரு விசேஷ வீடு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் அது மனதில் ஊறிவிட்டது.

அப்பா நெடுஞ்சாலையோரம் வீடியோ கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, மணமக்கள் தலையில் பூமழை பொழியவிட்டுக் கொடுப்பார். பூமழை கூடினால் கம்ப்யூட்டர் திணறும். அதற்காகத் திருச்சியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிவந்தார். அன்றைக்கு மறுநாள் ஆயுதபூஜை. பூஜையில் வைத்துவிட்டு விஜயதசமியன்று மாட்டலாம் என்று முடிவாயிற்று.

கேமராவுக்கும் லைட்டுக்கும் நடுவே கார்டும் மனைப்பலகையில் உட்கார்ந்தது. அதன்மேல் ஒரு குட்டி விசிறி, விசிறி நடுவே பொட்டு வைக்கவே செய்ததுபோல ஒரு வட்டம். புதுப்பொருளாயிற்றே என்று அம்மா சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமமும் வைத்தாள். பூஜையில் வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? அப்பா அப்படியே மாட்டினார். மாட்டியதும் விசிறி தரையைப் பார்த்துக்கொண்டதால் அப்புறம் அது யார் கண்ணிலும் படவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது சனி. காலையில் போட்டதும் கம்ப்யூட்டர் பிரமாதமாக ஓடும். கால்மணி நேரத்தில் படுத்துவிடும். மவுஸை நகர்த்தினால், அம்பு யோசித்து யோசித்து வந்து சேரும்.

ஆவணியில் கல்யாணமான ஒரு மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை குவைத்துக்குப் பிளைட். திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். கல்யாண வீடியோவைக் கையோடு கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. தினமும் வந்து அப்பாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, தாலி கட்டும் கை பாதியில் நின்று நின்று நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா செய்யாத வைத்தியம் இல்லை. கார்டுக்கான டிரைவர் சாப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினார். வைரஸ் தேடினார். ஸ்டெபிலைசரை மாற்றினார். திருச்சிக் கடைக்காரர் போனில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார். அதையும் பயபக்தியோடு செய்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு போடும்போது அம்மா மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, என் கை பட்டதாலதான் இப்புடி ஆவுதோ?"

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை, மெதுவாகிப்போன கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து கார்டைத் தொட்ட அப்பா சூடு தாங்காமல் கையை உதறினார். அணைத்து, ஆறவிட்டு, கழற்றித் திருப்பினார். சந்தனம் இடுக்கில் வழிந்து காய்ந்து விசிறியை இறுகப் பிடித்திருந்தது. விசிறி ஓடாமல் சூடேற, கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது. நான் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்பா என் காலை மிதித்தார். பழைய டூத்பிரஷால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, கார்டைத் திரும்ப மாட்டினார். விசிறி சுற்றியது. ஒரு மணி நேரம் ஆகியும் கம்ப்யூட்டர் படுக்கவில்லை.

அம்மா வந்து என்னவென்று கேட்டாள்.

"தூசிதான் புள்ள. ரோட்டு மேல கடை வச்சிருந்தா வேற என்ன வரும்? நீ பூஜை போட்ட பொருளுங்கிறதாலதான் எரிஞ்சுபோகாமத் தப்புச்சு."

சாயங்காலம் வீடியோ தயாரானது. பென்டிரைவை அம்மா கையால்தான் கொடுக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் போனபின் அம்மா மேசையைத் துடைக்க வந்தாள். டூத்பிரஷை எடுத்துப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள். அப்பா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அதைக் குழாயடியில் வெகுநேரம் அலசினாள். அன்றைக்கு அப்பாவின் தோசையில் மட்டும் நெய் வழிந்தது. நான் கேட்டும் கிடைக்கவில்லை.

எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும், அப்பாவும் நானும் மட்டுமே அறிந்த அந்த ரகசியம் அம்மா காதுக்குப் போய்விடக் கூடாதென்று, அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.