மஞ்சள் கயிறு சிவந்த காலை

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, தூறலில் நனைந்தபடி காஸ்டிக் டேங்கர் ஒன்று எங்கள் பிரிவின் வாயிலில் வந்து நின்றது. அரியலூரை அடுத்த சிமெண்ட் ஆலையொன்றின் மின் நிலையத்தில், பாய்லருக்குச் செல்லும் நீரைத் தூய்மை செய்யும் பிரிவுக்கு நான் அப்போது சூப்பர்வைசர். அந்தத் தூய்மைக்கு வேண்டிய காஸ்டிக் சோடாக் கரைசல் எங்கள் தொட்டியில் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அது தீர்ந்தால் நல்ல நீர் இல்லை; நல்ல நீர் இல்லையேல் பாய்லர் நிற்கும்.

காஸ்டிக் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். தோலில் பட்டால் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும்.

டேங்கரிலிருந்து எங்கள் தொட்டிக்கு அதை ஏற்றுவது வளையக்கூடிய ஹோஸ் வழியாக. ஹோசின் முனையில் கேம்லாக் என்னும் கப்ளிங் இருக்கும். தொட்டிக் குழாயின் முனையில் அதன் வாயைப் பொருத்தி, இருபுறமும் காது போல் நிற்கும் பிடிகளை மடக்கினால் இறுகிக்கொள்ளும். கசிவைத் தடுப்பது உள்ளே அமர்ந்திருக்கும் கேஸ்கெட் என்னும் ரப்பர் வளையம். காதை மடக்குவதில் காட்டும் கருத்தைக் கண்ணுக்குத் தெரியாத கேஸ்கெட்டிடம் பலரும் காட்டுவதில்லை.

எங்கள் ஃபிட்டர் முருகேசன் சிறுவாச்சூர்க்காரர். வெள்ளி தவறாமல் காளியம்மனைத் தொழுபவர். பூசையன்று பம்பு, வால்வு, ஸ்பேனர் என ஒன்றுவிடாமல் துடைத்துப் பொட்டிட்டிருந்தார். ஹோஸ்களின் கப்ளிங்குகளில் மஞ்சள் தோய்த்த நூற்கயிறும் கட்டியிருந்தார்.

டேங்கர் ஓட்டுநர் காதர் லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்தவர். வளைகுடாவில் பல ஆண்டுகள் லாரி ஓட்டித் திரும்பியவர். கயிற்றைக் கண்டதும் சிரித்தார்.

“என்ன முருகேசா, ஹோசுக்குத் தாலியே கட்டிப்புட்ட?”

“நீங்கதான் பாய் மாமன். முன்ன நின்னு நடத்தி வைங்க.”

இருவரும் ஹோசை மாட்டிக் காதுகளை மடக்கிக் கம்பியால் கட்டினர். அக்காலத்தில் எங்கள் முறை அவ்வளவே. காதர் லாரியின் பம்பை ஓட்டிவிட்டுத் தொட்டிப் பக்கத்துக் கப்ளிங்கிடம் வந்து நின்றார். பாதுகாப்புக் கண்ணாடியில் தூறல் படிந்து மறைத்ததால் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

சிறிது நேரத்தில் முருகேசன் என்னை அழைத்தார்.

“அண்ணே, இங்க பாருங்க. கயிறு செவக்குது.”

“குங்குமம் கரைஞ்சு எறங்குதுப்பா, மழையில” என்றார் காதர். “காது கொஞ்சம் லூசா இருக்கு. ஒரு தட்டு தட்டுனா உக்காந்துரும்.” சுத்தியலை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவர் முகம் கப்ளிங்குக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது.

எங்கும் ஈரம், ஆகவே கப்ளிங்கின் ஈரத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் அருகிலிருந்த அமில ஹோசின் கயிறும் அதே தூறலில்தான் நனைந்திருந்தது. அது மஞ்சளாகவே இருந்தது. ஆலத்தி கரைப்போர் யாவரும் அறிந்தது இது: மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். காஸ்டிக்கும் சுண்ணாம்பின் குணமுடையது.

“காதர் பாய், தட்டாதீங்க. பின்னால வாங்க. முருகேசா, பம்பை நிறுத்து.”

பம்பு நின்றது. டேங்கர் வால்வை மூடி, குழாயை வடித்து, நீர் பாய்ச்சிக் கழுவிய பின்னரே காதுகளைத் திறந்தோம். கேஸ்கெட் ஒருபுறம் மடிந்து பாதி வெளியே பிதுங்கியிருந்தது. அதன் அடியில் காய்ந்து இறுகிய சந்தனக் கட்டி; மேலே குங்குமம். சுத்தியலின் ஓர் அடி விழுந்திருந்தாலே அந்தப் பிடி விட்டு, காஸ்டிக் முழுவேகத்தில் காதரின் முகத்தில் பாய்ந்திருக்கும்.

முருகேசன் மெல்லச் சொன்னார்: “பொட்டை வெளிய வெச்சா தூறல்ல அழிஞ்சிரும்னு வாய்க்குள்ள வெச்சேண்ணே. உள்ள இருந்தா ஆத்தா வருசம் பூரா காப்பாத்துவான்னு நெனச்சேன்.”

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் கடுத்தது.

“ஒரு மனுசன் கண்ணு போயிருக்குமேய்யா. இனிமே இங்க பொட்டும் வேணாம், பூசையும் வேணாம். முருகேசனுக்கு மெமோ குடுக்கப் போறேன்.”

காதர் கைகளைக் கழுவிக்கொண்டே பேசினார்.

“குடுங்க சார். அவரு வெச்ச பொட்டுதான் ஒழுக வெச்சுது. அவரு கட்டுன கயிறுதான் காட்டிக் குடுத்துச்சு. மெமோவுல ரெண்டையும் எழுதிருங்க.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. என்ன பண்ணலாம்?”

கப்ளிங்கின் வாயைத் துடைத்துக் கேஸ்கெட்டை விரலால் தடவிப் பார்க்காமல் எவரும் காதை மடக்கக்கூடாது. முதலில் வெறும் நீரை ஓட்டிச் சோதிக்க வேண்டும். காஸ்டிக் இறங்கும் ஒவ்வொரு முறையும் புதிய மஞ்சள் கயிறு கட்ட வேண்டும். இம்மூன்றையும் சொன்னேன்.

“கயிறு சாமிக்கா, சேப்டிக்கா?”

“கட்டுற கையைப் பொறுத்ததுங்க சார். செவக்கறது எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

மெமோ வரவில்லை. கேஸ்கெட்டை மாற்றி, நீர் ஓட்டிப் பார்த்து, நண்பகலுக்கு முன் காஸ்டிக்கை இறக்கி முடித்தோம். பாய்லர் நிற்கவில்லை. கிளம்பும்போது காதர், “அல்லா காப்பாத்துனான்” என்றார். முருகேசன், “ஆத்தா காட்டுனா” என்றார். இரண்டையும் நான் மறுக்கவில்லை.

இளையோர்க்கு நான் சொல்வது இதுதான். பூசைக்குப் பறித்த பூவை அப்படியே சாத்துவதில்லை. இதழ் விலக்கி, புழுவும் அழுகலும் உண்டா என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்த பிறகே மாலை தொடுக்கிறோம். அது இறைவன்மேல் ஐயம் கொண்டு செய்வதன்று, அன்பினால் செய்வது. ஹோஸ் மாட்டுமுன் கப்ளிங்கின் வாய்க்குள் பார்ப்பதும் அத்தகைய வழிபாடே.