கறுவா தின்ற கோழிகள்

உக்குவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சில கோழிகள் வளர்க்கிறேன். கறுவாப்பட்டையும் கராம்பும் அரைத்துத் தீனியில் கலந்தால் கோழிக் குடலில் கெட்ட கிருமிகள் குறையும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அளவு தவறாமல் கலந்தேன். கோழிகளின் கழிச்சல் நின்றது. இனி முட்டையிலும் கிருமி இருக்காது என்று நானாகவே முடிவு செய்து, இரண்டு வயது மகளுக்கு அரைவேக்காட்டு முட்டையில் மிளகுத்தூள் தூவி ஊட்டினேன்.

"நல்லா அவிச்சுக் குடு" என்றார் கணவர்.

"நம்ம கோழி கறுவா திங்கிற கோழிங்க" என்று சிரித்தேன்.

சில நாட்களில் மகளுக்குக் கடும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "பிள்ளை என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார். நல்லா அவிக்கச் சொன்ன கணவர் பக்கத்திலேயே நின்றார்.

"கடையில வாங்கின கேக்" என்றேன்.

சேலைன் ஏறியது. என் விரலைக் கொடுத்தேன், மகள் பிடிக்கவில்லை. என் பொய்யை நம்பித் தப்பான மருந்து கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். டாக்டரம்மாவின் பின்னால் ஓடினேன்.

"கேக் இல்லைங்க டாக்டர். சரியா வேகாத முட்டை. தீனியில கறுவா போடுறதால கிருமி இருக்காதுனு நெனச்சேன்."

"குறையும்மா, இல்லாம போகாது. இப்பவாவது சொன்னீங்களே."

திரும்பினால் கணவர் நின்றிருந்தார். மகளின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். 

மகள் தேறி வீடு வந்தாள். தீனியில் கறுவா கலப்பதை நான் நிறுத்தவில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. அடுப்படியில் நான் செய்யவேண்டிய வேலையையும் அதன் தலையில் கட்டியவள் நான்தான்.

"போதும், முட்டை கல்லாயிரும்" என்கிறார் கணவர் இப்போது. இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்க விடுகிறேன்.