அத்தை பிடுங்கிய முளைக்குச்சிகள்

எங்கள் அத்தைக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும், ஆற்றின் மேல்பக்கம் யார் என்ன அட்டூழியம் பண்ணினார்கள் என்று சொல்லிவிடுவாள். குடிநீர் நிலையத்தில் பதினெட்டு வருஷமாக அதுதான் வேலை. ஆற்றுநீரை மொண்டு, கலங்கலை அளந்து, எவ்வளவு படிகாரம் போடுவது என்று முடிவு செய்வாள். வீட்டில் நான் நீட்டும் தண்ணீரையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் குடிப்பாள். அதற்கு என் பழைய சாதனைகள் காரணம்.

போன மழையில் குவளை டீ நிறத்துக்கு வந்தது. ஒரு பக்கக் கரையில் நாணலையும் புதரையும் சுத்தம் என்று வழித்துவிட்டிருந்தார்கள். வயல் மண், உரம் எல்லாம் தடுக்க ஆளில்லாமல் நேரே ஆற்றுக்குள். ஊருக்கே இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அத்தை நகராட்சிக்கு நடையாய் நடந்து ஓர் உத்தரவு வாங்கினாள்: மிச்சக் கரையில் ஆற்றோரத்திலிருந்து பதினைந்து தப்படிக்குச் செடி எதையும் தொடக்கூடாது.

நகராட்சிக்குப் புதர்வெட்டும் வண்டி ஓட்டுகிறவர் என் அப்பா, அத்தையின் தம்பி. அவரே அளந்து முளைக்குச்சி அடித்தார். தண்ணீர் விளிம்பிலிருந்து பதினைந்து நீளக் காலடி. நேர்மையான அளவுதான். ஆனால் நடுக்கோடை, ஆறு சுருங்கி நடுவில் படுத்திருந்தது. குச்சிகள் அத்தனையும் வெறும் மணலில் நின்றன. கரைப்புதர் முழுக்கக் குச்சிக்கு அந்தப் பக்கம், வெட்டுகிற பக்கத்தில் மாட்டிக்கொண்டது.

திங்கள் காலை அப்பாவும் நானும் வண்டியோடு போனால், அத்தை ஒரு கை நிறையக் குச்சிகளோடு நிற்கிறாள்.

"அக்கா, அது அரசாங்கக் குச்சி."

"மணலுக்கா காவல் போடச் சொன்னாங்க? மழை வந்தா நீ நிக்கிற இடத்துல கழுத்தளவு தண்ணிடா."

"ஆத்தோரத்துலேர்ந்துன்னுதானே எழுதியிருக்கு?"

"ஆத்தோரம் அதோ." மேட்டு மரத்தில் போன வெள்ளம் மாட்டிவிட்டுப் போன கந்தலைக் காட்டினாள்.

"அங்கேர்ந்து அளந்தா எனக்குப் பாதி வேலை போயிடும். அதிகாரிக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன், குவளையும் கையுமா."

"நான் வண்டியைக் கிளப்பிட்டா?"

"கிளப்பு. சக்கரத்துக்கு முன்னாடி உக்காந்துக்கிறேன். மத்தியானச் சாப்பாடும் கட்டிட்டு வந்திருக்கேன்."

அப்பா சாப்பாட்டுப் பையைப் பார்த்தார். வண்டியை அணைத்தார்.

அத்தை அந்த மரத்தடியிலிருந்து வயலைப் பார்த்து அளக்கத் தொடங்கினாள். அவள் குள்ளம், அவள் தப்படி அப்பாவுடையதில் பாதிதான் தேறும். ஆறாவது அடியில் அப்பா, "நில்லுக்கா. குருவி மாதிரி நடந்தா எப்படி? தள்ளு," என்றார்.

மரத்தடிக்குப் போய் முதலிலிருந்து நடந்தார். பதினைந்தாவது காலைக் கொஞ்சம் எட்டித்தான் வைத்தார். அத்தை அங்கேயே குச்சியை அடித்தாள்.