மாமன் பார்க்கக் கூடாத முகம்

எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அந்த வருஷம் ராஜா வேஷம் எனக்குத்தான் என்று முடிவானதும் தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. நான் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் சாக்குத் தைக்கிறவன். படிப்பு ஆறாம் கிளாஸோடு சரி. மீசைகூட ஒரு பக்கம் ஒழுங்காக முளைக்காது. ஆனால் குரல் உண்டு. கிடங்கின் இந்த மூலையிலிருந்து நான் கூப்பிட்டால் அந்த மூலையில் எடை போடுகிறவர் கையிலிருந்து படிக்கல் விழும். ராஜாவுக்குக் குரல் போதும் என்று சொல்லிவிட்டார் நாடக வாத்தியார். அவர் மற்ற நாளில் சாயாக்கடைக்காரர்.

கதை எல்லோருக்கும் தெரிந்த பழைய புராணக் கதைதான். தங்கைக்குக் கல்யாணம் முடிந்து, அவளைத் தேரில் உட்கார வைத்து, அண்ணனே ஆசையாக ஓட்டிக்கொண்டு போகிறான். நடுவழியில் வானத்திலிருந்து ஒரு குரல்: இவள் பெறப்போகிற பிள்ளையால்தான் உனக்குச் சாவு. அவ்வளவுதான். தங்கைக்குத் தேர் ஓட்டின அதே கை வாளை உருவுகிறது. அப்புறம் சிறை, விலங்கு, பிறக்கிற பிள்ளையை எல்லாம் தூக்கிப் பாறையில் அடிக்கிறது. நான் அடிப்பதற்காக ஒரு துணிப்பொம்மையை என் பழைய லுங்கியில் என் மனைவிதான் தைத்துக் கொடுத்தாள். கட்டம் போட்ட பிள்ளை.

இந்த நேரம் பார்த்து என் ஒரே தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு ஏலூரில் ஃபாக்டரி வேலை. நான் வீட்டில் வசனம் மனப்பாடம் பண்ணும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "அண்ணே, எம் பிள்ளைய மட்டும் விட்டுருண்ணே!" அப்போது அது வெறும் தமாஷ்.

மார்கழியில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. நர்ஸ் வெளியே வந்து, கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது, எடுத்துவிட்டோம், பயப்பட ஒன்றுமில்லை என்று மலையாளத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நல்லபடியாக வேலை முடிந்த சந்தோஷம் அவளுக்கு. என் அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. எங்கள் ஆட்களில் இது தெரியாதவர் கிடையாது. அதற்குப் பரிகாரமும் எல்லோருக்கும் தெரியும். வாயகன்ற வெண்கலப் பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, மாமனை அதன்மேல் குனியச் சொல்லி, அவன் தோளுக்குப் பின்னாலிருந்து பிள்ளையைக் காட்டுவார்கள். எண்ணெயில் விழுகிற முகத்தைத்தான் மாமன் முதலில் பார்க்க வேண்டும். அதுவரை நேருக்கு நேர் பார்த்தால் அவன் உயிருக்கு ஆபத்து.

"ஏலே, திரும்பு! சுவத்தப் பாரு!" என்று அம்மா உட்கார்ந்தபடியே அலறினாள். நான் ஆஸ்பத்திரிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "நீ ராஜா வேஷம் கட்டுதேன்னு நின்னப்பவே நான் வேண்டாம்னேன். பதினோராம் நாளு எண்ணெயில பாத்துக்கிடலாம். அதுவரைக்கும் அந்தப் பக்கமே தலையக் காட்டாத."

மறுநாள் என் மனைவி தண்ணீர்க் குழாயடி வரிசையில். கஞ்சி கொண்டுபோக வேறு ஆள் இல்லை. ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் விரித்த குடை, குடையை முகத்துக்கு முன்னால் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் போனேன். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். தங்கை அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டியை வைத்துவிட்டுத் திரும்புகிறேன், அந்த நர்ஸ் எதிரே. "ஆ, அம்மாவன் வந்நல்லோ! இந்நா, பிடிச்சோ!" மாமனை அங்கே அம்மாவன் என்பார்கள். மாமன் வந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஒரே பிரியம். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதற்குள் குடை கீழே, பிள்ளை என் கையில்.

பார்த்துவிட்டேன். மூஞ்சிக்கு மூஞ்சி. சிவந்து, சுருங்கி, யார்மேலோ கோபமாக இருந்த முகம். அதன் நடுவில் சந்தேகமே இல்லாமல் என் மூக்கு. என்னைக் கொல்ல வந்தவன் என்னைப் பார்த்து நிதானமாக ஒரு கொட்டாவி விட்டான்.

பிள்ளையைக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கிடங்குக்கு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா நர்ஸோடு சண்டைக்குப் போவாள், தங்கை அழுவாள். எப்படியும் பதினோராம் நாள் எண்ணெய் வருகிறது, அதில் எல்லாம் கழுவிப்போகும் என்று நினைத்தேன். சாவுக்குப் பயப்படவில்லை என்று சொன்னால் அம்மன் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பொய் ஆகிவிடும். கால்வாசி அந்தப் பயம்தான். முக்கால்வாசி தங்கையைப் பற்றி. இந்த ஒன்பது நாளில் நான் எதிலாவது விழுந்து செத்தால், அவள் பிள்ளை அண்ணனைத் தின்றுவிட்டது என்று ஆயுசுக்கும் பேசுவார்கள். ஆகவே சாகக்கூடாது. ஒன்பது நாள் வேறு எதுவும் செய்யாமல் உயிரோடு மட்டும் இருக்க வேண்டும்.

உயிரோடு இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தென்னைமரத்துக்கு அடியில் நடக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். கொச்சியில் தென்னைமரத்துக்கு அடியில் நடக்காமல் எங்கே நடப்பது? தெருவை அகலத்துக்கு அகலம் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனேன். வைப்பின் தீவுக்குச் சாக்கு ஏற்றிப் போகச் சொன்னபோது படகு ஆகாது என்று வயிற்றுவலி சொன்னேன். ஒரு நாள் மத்தி மீன் முள் தொண்டையில் குத்தியது. ஆச்சு, வந்துவிட்டது என்று கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டேன். என் மனைவி ஒரு சோற்றுருண்டையை வாயில் திணித்தாள். முள் போய்விட்டது. அம்மன் வந்தாளா, சோறு வந்ததா, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாலாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தது. எங்கள் வீடு இரண்டே அறை. நடுவில் பழைய சேலையைத் திரையாகக் கட்டினார்கள். பிள்ளையை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் தூக்கி வரும்போதெல்லாம் என் மனைவி பூஜை மணியை அடிப்பாள். மணி கேட்டதும் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். குளிக்கப் போக மணி, வெயில் காட்ட மணி, மாற்றுத்துணி எடுக்க மணி. பக்கத்து வீட்டு மலையாளப் பெண்கள் சன்னலில் நின்றுகொண்டு, "சேட்டா, இப்ப எடத்து பாகம்! இப்ப வலத்து பாகம்!" என்று எனக்கு இடது வலது சொல்வார்கள். ஏற்கனவே பார்த்த முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். தீபாராதனைக்கு மணி அடித்தது. நான் சட்டென்று திரும்பி அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பூசாரி கற்பூரத் தட்டோடு, "என்ன ராஜாவே, அம்மன்கிட்ட கோவமா?" என்றார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டது அன்றைக்கு நாற்பது தடவை இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடங்கு முற்றத்தில் ஒத்திகை. சுக்கு காயப்போட்டிருந்ததை ஒதுக்கிவிட்டு இடம் பண்ணியிருந்தார்கள். பிள்ளையைப் பாறையில் அடிக்கிற காட்சி. கட்டம் போட்ட பொம்மையைத் தூக்கினேன். தூக்கினவன் தூக்கினபடியே நின்றேன். அந்த லுங்கி முகத்தில் கண்ணில்லை, மூக்கில்லை. ஆனாலும் அது கொட்டாவி விடுகிற மாதிரி இருந்தது.

"அடியும்யா!" என்றார் வாத்தியார்.

"அடிக்கத்தான் போறேன்."

"தூக்கி அஞ்சு நிமிஷமாச்சு. தாலாட்டா பாடுதீரு?"

சாக்கு சுமக்கிற ஆட்கள் மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், "சும்மா இரு ஆசானே, ராஜா பால் குடுக்கப் போறாரு!" என்றார். முற்றமே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். பொம்மையை மெதுவாகக் கீழே படுக்க வைத்தேன். அதற்கு இன்னொரு சிரிப்பு.

அன்றைக்கு வீட்டுக்கு வளைந்து வளைந்து நடக்கும்போது அந்த ராஜாவைப் பற்றி யோசித்தேன். அவன் பாவம், விதி அவனைப் பிடித்தது என்று சிலர் சொல்வார்கள். இல்லை, அவன் அரக்கன் என்று சிலர். எனக்கு அவன் பாதிப் பக்தனாகத் தெரிந்தான். வானத்துக் குரலை அவன் முழுசாக நம்பியிருந்தால், வருகிறது தெய்வம் என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். முழுசாக நம்பாமல் இருந்தால் சிரித்துவிட்டுத் தேரை ஓட்டியிருப்பான். பாதி நம்பினான். அதனால்தான் வாளை எடுத்தான். சாவு வரும் என்பது குரல் சொன்னது. தங்கையைச் சிறையில் போடு என்று எந்தக் குரலும் சொல்லவில்லை. அது அவனாகச் சேர்த்தது. இதை யோசித்துக்கொண்டே வந்ததில் ஒரு தென்னைமரத்துக்கு நேர் அடியில் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்து ஒரே ஓட்டமாக ஓடினேன். நானும் பாதிப் பக்தன்தானே.

பதினோராம் நாள் வந்தது. சொந்த ஊரில் இதற்கு நல்லெண்ணெய்தான் வைப்பார்களாம். கொச்சிக்கு வந்து முப்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் தாளிக்க, தலைக்குத் தேய்க்க, விளக்குக்கு, எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் ஆகிவிட்டது. அம்மா தன் கையாலேயே அதை வெண்கலப் பாத்திரம் நிறைய ஊற்றி, முந்தின சாயங்காலமே அம்மன் படத்துக்கு முன்னால் மூடி வைத்திருந்தாள். விடிந்ததும் தெருவே வந்துவிட்டது. மாப்பிள்ளையும் முதல் பஸ்ஸில் ஏலூரிலிருந்து வந்து வாசலில் நின்றார். நான் பாத்திரத்தின்மேல் குனிந்தேன். எனக்குப் பின்னால் அம்மா பிள்ளையோடு, அவளுக்குப் பின்னால் தங்கை. என் மனைவி மூடியை எடுத்தாள்.

மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்துகிடந்தது. வெள்ளை வெளேரென்று, உடைத்த தேங்காய் மாதிரி. பிள்ளை முகம் எங்கே, என் முகமே தெரியவில்லை.

"அடுப்புல வையி!" என்றது ஒரு குரல். "அம்மன் முன்னால வச்சத அடுப்புல வைக்கவா?" என்றது இன்னொன்று. "ஊதுங்க, ஊதுங்க!" நாலு பேர் குனிந்து ஊதினார்கள். என் மனைவி பாத்திரத்தை இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்தாள். "நல்ல நேரம் இன்னும் பத்து நிமிஷம்தான்!" என்று பூசாரி வாசலிலிருந்து கத்தினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது பின்னால் தங்கையின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை. "விடுங்க. எண்ணெய்க்கே இவன் முகத்தக் காட்ட மனசு இல்ல. நான் இன்னைக்கே ஏலூருக்குப் போறேம்மா. அண்ணன் நல்லா இருக்கட்டும். இவன அண்ணன் கண்ணுல காட்டாமலே வளத்துக்கிடுதேன். இனிமே நான் இங்க வரமாட்டேன்."

ஊதினவர்கள் ஊதுவதை நிறுத்தினார்கள். எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நான் வாளை எடுக்கவில்லை, விலங்கு மாட்டவில்லை. ஒரு குடையும் ஒரு மணியும் வைத்தே என் தங்கையைச் சிறையில் போட்டுவிட்டேன் என்று புரிந்தது. ஒன்பது நாளாக நான் நடித்த நடிப்பில் அவள் தன் பிள்ளையைக் குற்றவாளியாகவே பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

உறைந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நான் பாத்துட்டேன்."

"என்னத்தப் பாத்தே?" என்றாள் அம்மா.

"பிள்ளைய. ரெண்டாம் நாளே. ஆஸ்பத்திரில நர்ஸு கையில குடுத்துட்டா. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தேன். எம் மூக்குதான் இருக்கு. ஒம்பது நாளாச்சு. செத்தேனா?"

அம்மா, பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"அப்போ ஒம்பது நாளா கொடயப் பிடிச்சுக்கிட்டு எதுக்குலே ஆடினே, மூதி!"

"நீங்க மணி அடிச்சீங்க, நான் திரும்புனேன்..."

"கை ஓய அடிச்சேனே, பாவி மனுஷா!" என்றாள் என் மனைவி. பாத்திரத்தைத் தேய்த்த அவள் கையெல்லாம் எண்ணெய். அந்தக் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

நான் திரும்பினேன். தங்கை என்னையே பார்த்தாள். "உனக்கு ஒண்ணுமே ஆகலயாண்ணே?"

"மத்தி முள்ளு ஒண்ணு மாட்டிச்சு. சோத்துருண்டைல போயிருச்சு."

அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. அது பாதியில் சிரிப்பாக மாறி, சிரிப்பு அடங்காமல், "ஐயோ வயிறு வலிக்கே, வயிறு வலிக்கே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சன்னலில் நின்ற பெண்களுக்கு யாரோ மலையாளத்தில் சொல்ல, அங்கிருந்தும் ஒரு சிரிப்பு கிளம்பியது. மாப்பிள்ளைக்கு எதுவும் விளங்கவில்லை, ஆனாலும் எல்லோரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார்.

அம்மா மட்டும் விடவில்லை. "அதெல்லாம் கணக்குல சேராது. முறைன்னு ஒண்ணு இருக்கு" என்று பாத்திரத்தைத் தூக்கிப்போய் வாசல் வெயிலில் வைத்தாள். நல்ல நேரம் எப்போதோ போய்விட்டது. அம்மன் பார்க்கிற நேரமெல்லாம் நல்ல நேரம்தான் என்று பூசாரியே சொல்லிவிட்டார். வாத்தியார் கடையிலிருந்து எல்லோருக்கும் சாயா வந்தது. எண்ணெய் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. நடுவில் ஒரு வெள்ளைத் தீவு மிதந்தது, பிறகு அதுவும் கரைந்தது.

குனிந்தேன். என் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று மெல்ல எட்டிப் பார்த்தது. ஒரே பாத்திரத்தில் இரண்டு மூக்கு. முதல்முறை பார்ப்பதுபோல நான் வாயைப் பிளந்தேன். "இப்படி மேடையில நடிச்சா என்னவாம்?" என்றார் வாத்தியார். நான் நடிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் நான் பார்த்தது சாவை. பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தங்கை ஏலூருக்குப் போகும்வரை பிள்ளை பாதி நேரம் என் கையில்தான்; தூக்கும்போதெல்லாம், தலை தொங்கப்போகிறது என்று அவள் கத்துவாள். தை மாதம் கொடை வந்தது. சாயங்காலம் நாடகம். தங்கை ஏலூரிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை மடியில் மேடையைப் பார்க்கும்படி வைத்திருந்தாள். நான் கட்டம் போட்ட பொம்மையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினேன். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்: "அண்ணே, பாத்து! கழுத்தத் தாங்கித் தூக்கு!"

பழக்கதோஷம், நான் உடனே பொம்மையின் கழுத்துக்குக் கை கொடுத்துவிட்டேன்.