நன்றி சொல்ல விடாத நடிகை

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. கொப்பியை எடுப்பேன், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இருப்பேன், பிறகு மூடி வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், அது ஒரு காரணம். மற்றது, யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரே தனக்கு நன்றி சொல்லக் கூடாது என்று எனக்குத் தடை போட்டிருந்தார்.

அவர் பின்லாந்துக்காரி. அந்த நாட்டில் நாடகத்திலும் படத்திலும் நடித்தவர். டென்மார்க்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து, நான் இருக்கும் டென்மார்க்கின் வைலே நகருக்கு வந்தவர். கணவர் காலமான பிறகு, நான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் கடைசி அறையில் இருந்தார். காலையில் நான் அவருக்குச் சீப்பால் தலை இழுத்துவிடும்போது தன் கதையைச் சொல்லுவார்.

பதினாறு வயதில் ஒரு நாடக அரங்கில் மறைவில் இருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாராம். ஒருநாள் நடிகைக்குக் காய்ச்சல். முழு வசனமும் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். அப்படித்தான் மேடை ஏறினார். இலங்கையில் எங்களுக்கு வந்ததுபோல அவர்களுடைய நாட்டிலும் யுத்தம் வந்தது. காயப்பட்ட சிப்பாய்களின் கட்டில்களுக்கு நடுவே நின்று நடித்திருக்கிறார். அதன் பிறகு படங்கள்.

"படத்திலை எனக்கு எப்பவும் பால்காரி வேசம்தான்," என்று சிரிப்பார். "மாட்டுக்குக் கிட்டப் போகவே எனக்குப் பயம்."

நான் அறையை விட்டுப் போகும்போது "தோய் தோய்" என்று என் தோளில் துப்புவதுபோல் பாவனை செய்வார். மேடைக்குப் போகிறவர்களுக்கு நாடகக்காரர் சொல்லும் வாழ்த்து அது. இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் "தாக்" என்று நன்றி சொல்லிப் பழகியிருந்த நான், அதற்கும் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாடகம் முடியிறதுக்கு முன்னம் நன்றி சொன்னால் வாழ்த்துப் பலிக்காது. வாயை மூடிக்கொண்டு போ."

எங்கள் நாட்டில் யுத்தம் முடிந்த அந்த வைகாசியில் என் தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். மூன்று மாதமாக ஒரு செய்தியும் இல்லை. உயிரோடு வந்தால் இரவல் போனில் என்னைத்தான் கூப்பிடுவான். அவனுக்குப் பாடமாக இருந்தது என் நம்பர் ஒன்றுதான். அங்கிருந்து வரும் அழைப்புகளில் நம்பர் விழாது. ஒருமுறை தவறவிட்டால் நான் திருப்பி எடுக்க வழியில்லை. இல்லத்திலோ வேலை நேரத்தில் போனை அலுமாரியில் பூட்ட வேண்டும் என்பது சட்டம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் துருவித் துருவிக் கேட்டார். சொன்னேன்.

"இஞ்சை கொண்டா. நான் இஞ்சை வேலை செய்யிறேல்லை, எனக்கு உங்கடை சட்டம் இல்லை," என்று போனை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் மத்தியானம் பக்கத்து அறைக் கிழவரைக் கழிப்பறையில் இருத்தியிருந்தேன். அப்போது நடிகையின் அறை அவசர மணி அடித்தது. அவர் அந்த மணிக் கயிற்றைத் தொடுகிற ஆளே இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் கிழவரை அப்படியே விட்டுவிட்டு ஓட முடியாது, விழுந்துவிடுவார். துடைத்து, உடுப்புப் போட்டு, கதிரையில் இருத்த ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். ஒரு கையில் மணிக் கயிறு. மற்றக் கையில் போன். பின்லாந்துப் பாஷையில் வசனம் பேசிக்கொண்டிருந்தார். குரல் ஏறியது, இறங்கியது, கெஞ்சியது. என்னைக் கண்டதும் அந்த வரியை முடித்து, மேடையில் போலத் தலை குனிந்து, போனை நீட்டினார்.

"அக்கா, நான்தான். ஒரு கால் போயிட்டுது. ஆள் இருக்கிறன்," என்றான் தம்பி. "ஆரக்கா அந்த மனிசி? ஒண்டும் விளங்கேல்லை. போனுக்குச் சொந்தக்காரர் தா தா எண்டு நிக்கிறார். எனக்கெண்டால் வைக்க மனம் வரேல்லை."

அழுது முடித்து நான் நிமிர்ந்தபோது அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கூட நடிக்கிற ஆள் வரப் பிந்தினால் மேடையை வெறுமையா விடக்கூடாது," என்றார். "ஞாபகம் வந்த வசனமெல்லாம் சொன்னன். தம்பி இப்ப எங்கை?"

"முகாமிலை. முள்ளுக்கம்பிக்குள்ளை."

நான் "தா..." என்று தொடங்க, விரலைத் தூக்கினார். "அப்ப நாடகம் முடியேல்லை."

தம்பி வெளியே வருமுன், அந்த மாரிக் குளிரில் அவர் இறந்துபோனார். கடைசியாகத் தலை இழுத்துவிட்டது நான்தான்.

போன மாதம் மன்னார்க் கோயிலில் தம்பியின் மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் பூசை. பொய்க்காலோடு அவன் மகளைக் கையில் பிடித்துப் பீடத்தடிக்கு நடந்து போனான். நான் பின் வரிசை வாங்கில் இருந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இனி அந்த நடிகைக்கும் சொல்லலாம் என்று பட்டது. தாக், அம்மா.

படிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வசனத்தை மாற்றினால் அவருக்குப் பிடிக்காது. அவரைப் பெரிய நட்சத்திரம் ஆக்கிவிட வேண்டாம், பால்காரி வேசம் போட்டவர்தான். தம்பிக்கு இரண்டு காலும் கொடுத்துவிட வேண்டாம். அவர் போனில் பேசியது ஐந்து நிமிடம். அதையும் ஐந்து நிமிடம் என்றே சொல்லுங்கள்.