காசு ரெண்டு கீது சார்

"சார், அந்தம்மா பொய் சொல்லுது. மறைச்சு எடுத்துட்டு வந்ததா எழுதிடறேன்" என்றார் ஆய்வாளர். என் பணி ஓய்வுக்குச் சில திங்களே எஞ்சியிருந்தன. விமான நிலையச் சுங்கத்துறைக் கண்காணிப்பாளராகிய எனக்கு நிமிர்ந்து பார்க்கவும் அயர்வாக இருந்தது.

மஸ்கட்டில் வீட்டுவேலை செய்து திரும்பிய கன்னியம்மாளிடம் சற்றுமுன் கேட்டவன் நானே. தீர்வைக்குரிய பொருள் இல்லாதோர் செல்லும் கிரீன் சேனலில் அவர் வந்தார். அன்று முந்நூறாவது முறையாகவேனும் இருக்கும், "தங்கம் இருக்கா?" என்றேன்.

"காசு ரெண்டு கீது சார், அவ்ளோதான்."

கைச்செலவுப் பணம் என்று கொண்டு, போகுமாறு கையசைத்தேன். ஸ்கேனில் கைப்பை சிக்கியது. மஞ்சள் துணி முடிச்சில் இரண்டு பொற்காசுகள்.

மறைத்தார் என்று எழுதினால் காசுகள் பறிமுதலாகும். அறிவித்தார் என்றால் தீர்வை கட்டி எடுத்துச் செல்லலாம்.

"மறைச்சனா? இவராண்டதான் சொன்னேன்! வெள்ளிக்கிழம பொண்ணுக்குக் கல்யாணம். தாலியோட கோக்க வாங்கியாந்தது."

"எந்த ஊரும்மா?"

"திருப்புலிவனம்."

"நான் உத்திரமேரூர்" என்றேன், வாய் தவறி.

'சார்' அக்கணமே மறைந்தது. "பக்கத்து ஊர்ல பொறந்துட்டு, காசுன்னா இன்னான்னு தெரியலியா உனுக்கு? பேஜாரா கீது நைனா!"

ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதருகே குனிந்தார். "சார், அது சொன்னதுன்னு எழுதினா, ஏன் விட்டீங்கன்னு உங்களுக்குத்தான் மெமோ வரும். ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்கு?"

அவர் கூறியது மெய். சொற்களின் பொருள் குறித்துப் பிறரைத் திருத்தியே பழகிய நான், பேனாவை எடுத்தேன். எழுதினேன்: 'பயணி வாய்மொழியாக அறிவித்தார். பொருள் கொள்ளத் தவறியவன் நான்.'

கன்னியம்மாள் தீர்வை கட்டினார். முடிச்சை இறுக்கிக்கொண்டு, "இனிமேலாவது கேக்கறத ஒயுங்கா கேளு" என்று சொல்லிச் சென்றார். நன்றி கூறவில்லை; கூற வேண்டியதுமில்லை. மெமோ மறுவாரம் வந்தது.

எஞ்சிய திங்கள்களில், "நகையா, காசா, பணமா?" என்று மூன்றையும் பிரித்தே கேட்டேன். இப்பணிக்கு வருவோரும் அவ்வாறே கேட்பது நலம். என் மனைவியின் தாலிச்சரட்டிலும் இரண்டு காசுகள் உள்ளன. அவற்றை எங்கள் வீட்டில் ஒருநாளும் தங்கம் என்று சொன்னதில்லை.