பஸ்காரர் வாங்கி வந்த ஷூ

கொரியாவில் எங்கள் குன்சான் ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிற போங் கில்ஹோவுக்கு எந்தச் சந்திலும் வண்டியைத் திருப்பத் தெரியும். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசத்தான் தெரியாது. அப்படிப்பட்ட மனுஷன் என் தங்கை மியோங்ஓக்கைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். அவளுக்கும் இஷ்டம்தான். ஆனால், "என் பொண்ணு தான்பி சரின்னு சொல்லணும். அவ வேணாம்னா எனக்கும் வேணாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

தான்பிக்கு எட்டு வயசு. அவள் அப்பன் பூசானுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். அதிலிருந்து எந்த ஆம்பளை வீட்டுக்கு வந்தாலும் மேலும் கீழும் முறைத்துப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவரைத் தங்கை வீட்டுக்கு வரச் சொன்னோம். வந்தார், இஸ்திரி போட்ட சட்டையும் வேர்த்த முகமுமாக. தங்கை அந்த வீட்டுக்குப் புதுசாகக் குடிவந்திருந்தாள். அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி, எல்லாம் சிக்கலில்லாமல் உருண்டோடட்டும் என்று கழிப்பறைத் தாள் ஒரு பெரிய கட்டு. அக்காவான எனக்கு ஒரு பெட்டி பேரிக்காய். ரெண்டு கையாலும் நீட்டினார்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"சும்மாதாங்க."

"ஐயையோ, வேணாங்க."

"பரவால்லைங்க, வாங்கிக்கோங்க."

இன்னொரு தடவை பிகு பண்ணிவிட்டு வாங்கிக்கொண்டேன். மனுஷன் தேறிடுவார் போலிருக்கே என்று நினைக்கும்போதே, தான்பி முன்னால் மண்டியிட்டு ஒரு டப்பாவை வைத்தார். பெரியவர்கள் என்றால் விருந்தாளி போன பிறகு பிரிப்போம். குழந்தை பொறுக்குமா? பிரித்தாள். மிதித்தால் விளக்கெரிகிற ஷூ!

எனக்குப் பகீரென்றது. "ஏங்க, உங்களுக்குப் புத்தியிருக்கா? வேண்டியவங்களுக்கு யாராச்சும் ஷூ வாங்கித் தருவாங்களா? அதைப் போட்டுக்கிட்டு நம்மளை விட்டுட்டு ஓடிடுவாங்கன்னு ஊருக்கே தெரியுமே!"

அவர் முகம் வெளுத்துப்போச்சு. "பாப்பா பஸ் ஏறும்போது பார்ப்பேங்க. ஷூ கிழிஞ்சு கட்டைவிரல் வெளிய தெரியும். அதான்... வேற எதுவும் தோணலைங்க."

எனக்கே பாவமாகிவிட்டது. மியோங்ஓக் சமாளித்தாள். "தான்பி, மாமா கையில ஒரு காசு குடுத்துடு. நீயே வாங்கினதா ஆயிடும். தோஷம் இல்ல."

"குடுக்க மாட்டேன்!" என்றாள் அந்தக் குட்டிச் சனியன்.

அப்புறம் யாருக்குச் சோறு இறங்கும்? கில்ஹோ மீனைத் தொடவே இல்லை. தங்கை கண்ணைத் துடைக்கவே அடுப்படிக்குப் போய்ப் போய் வந்தாள். காரியம் கெட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அவர் கிளம்பி வாசலில் குனிந்து தன் ஷூவை மாட்டும்போது தான்பி அந்த டப்பாவோடு வந்தாள். திருப்பிக் கொடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். அவளோ ஒரு ஷூவைத் தன் காலில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றை அவர் கையில் திணித்தாள்.

"ஒத்த ஷூவைப் போட்டுக்கிட்டு நான் எங்க ஓட முடியும்? இதை நீங்க வச்சுக்கோங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாங்க."

அவர் அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நா... நாளைக்கே வந்துடட்டுமா பாப்பா?"

"ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமைதான். வராம இருந்துடாதீங்க. நான் நொண்டிக்கிட்டு நிப்பேன்."